குட்டைக் காற்றுத் துப்பாக்கி: தேர்ந்தெடுப்பதும் பூட்டிவைப்பதும்

மாசி மாதத்தில் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் திருவிழாவைப் போன்ற விழாக்களில், பலூன்களை வரிசையாகக் கட்டிய பலகைக்கு எதிரே நின்று, குழலை மடக்கி, ஈயக் குண்டு ஒன்றைச் செருகி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு சுடுகிற இளைஞர் கூட்டத்தைக் காணாதவர் நம்மில் அரிது. நம் ஜனங்களில் பெரும்பாலோர் அறிந்த ஏர் கன், அந்தச் சுருள்வில் துப்பாக்கி ஒன்றே. அதைக் காட்டிலும் நுட்பமான குட்டைத் துப்பாக்கி ஒன்றின்மீது இப்போது இளைஞருக்கு ஆவல் பிறந்திருக்கிறது. புல்பப் என்று பெயர் பெற்ற இந்த அமைப்பில், யந்திர பாகம் முழுவதும் தோளில் பதியும் அடிக்கட்டைக்குள்ளேயே ஒடுங்கிவிட, விசை அதற்கு முன்னால் வந்து அமைகிறது. சாதாரண ரைபிள் ஒரு மீட்டருக்கு மேல் நீளுமானால், இது குழலின் நீளத்தைக் குறைக்காமலே முக்கால் மீட்டர் அளவில் முடிந்துவிடும்.

இவ்வமைப்பு முதலில் யுத்த சாதனங்களுக்கென்றே யோசிக்கப்பட்டது. இங்கிலாந்து 1951-இல் ஈ.எம்.2 என்ற ரைபிளில் அதைப் பரீட்சித்துக் கைவிட்டது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக் 1970-களின் பிற்பகுதியில் அதை நிலைநாட்டியது. நம் நாட்டின் சிறப்புப் படையினர் ஏந்தும் இஸ்ரேலிய டாவர் ரைபிளும் இவ்வமைப்பே. ஸ்வீடனின் எஃப்.எக்ஸ், செக் நாட்டின் காலிபர்கன், துருக்கியின் ஹட்சன் முதலிய ஸ்தாபனங்கள் பிற்காலத்தில் அதைக் காற்றுத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தன. அழுத்திய காற்றால் சுடும் யோசனை மட்டும் மிகப் பழையது. ஹைதர் அலி 1755-இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படைத் தலைவராக, வந்து, பிரெஞ்சு நிபுணர்களின் உதவியால் இங்கே ஆயுதசாலை அமைத்த அதே நூற்றாண்டில்தான், அடிக்கட்டையே காற்றுக்கலமாக அமைந்த ஜிரார்டோனி துப்பாக்கியை ஆஸ்திரிய சேனை பிரயோகித்தது.

வாங்க நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எதற்காக என்பதையே. பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் சிறக்க வேண்டும், 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற அந்தக் களத்தில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பெயர் நாட்டிய அந்தக் களத்தில் நிற்க வேண்டும் என்பது லட்சியமானால், புல்பப் வேண்டாம். அப்போட்டியில் தொலைநோக்கி ஸ்கோப்புக்கு இடமில்லை, அதற்கென்றே வடித்த நீண்ட ரைபிளில்தான் அப்பியாசம் செய்ய வேண்டும். சொந்தத் தோட்டத்தின் பாதுகாப்பான மூலையில் இருபது, முப்பது மீட்டர் தூரத்துக் காகித இலக்கைச் சுட்டுப் பழகுவதே ஆனந்தம் என்பவருக்குத்தான் குட்டை ரைபிள் பொருந்தும்.

அடுத்தது சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு, மேற்படாமலும், குழல்முனைச் சக்தி 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு மட்டுமே லைசென்ஸ் தேவையில்லை. அயல்நாட்டுப் படங்களில் பளபளக்கும் 0.22, 0.25 அங்குல புல்பப்கள் இந்த எல்லைக்கு வெளியே நிற்பவை. இருபது ஜூல் குறைவென்று மனம் வாட வேண்டியதில்லை: ஏறத்தாழ 0.67 கிராம் எடையுள்ள கனமான ஈயக் குண்டை, அதாவது பெல்லட்டை, அது வினாடிக்குச் சுமார் 245 மீட்டர் வேகத்தில் செலுத்தும். ஒலியின் வேகத்துக்குக் கீழே நிற்கிற அந்த வேகத்தில்தான் பெல்லட் தடுமாறாமல் செல்கிறது. சத்தத்தை அடக்கும் குழாயை மாட்டிக்கொள்ளும் ஆசையையும் விட்டுவிடுவதே நலம்.

கையில் எடுத்துப் பார்க்காமல் புல்பப் வாங்கக் கூடாது என்பது என் அழுத்தமான அபிப்பிராயம். விசை முன்னே, அதன் கொக்கி பின்னே, இரண்டையும் ஒரு நீண்ட கம்பி இணைப்பதால், மட்டமான தயாரிப்பில் விசை இழுபட்டு இழுபட்டு எப்போது விடுபடும் என்றே தெரியாது. நல்ல தயாரிப்பில் ஒரு தடை தெளிவாக விரலில் தட்டும். கன்னம் யந்திரத்தின்மேலேயே படிவதால், ஸ்கோப் உயரமாக நிற்கிறது. குழலுக்கு ஏழு சென்டிமீட்டர் மேலே ஸ்கோப் அமர, 25 மீட்டருக்குக் குறி சரிசெய்த ரைபிள், ஐந்து மீட்டரில் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர் தாழ்வாகச் சுடும். துப்பாக்கி சற்றே பக்கவாட்டில் சாய்ந்தாலும் குறி விலகும்; ஆகையால் சிறிய நீர்மட்டம் ஒன்றை ஸ்கோப்பின்மேல் பொருத்திக்கொள்வது வீண் செலவன்று. ஸ்கோப்பும் பத்து மீட்டர் வரை அண்மையில் தெளிவைத் திருத்திக்கொள்ளத் தக்கதாக இருக்க வேண்டும். பெரிய ரைபிளுக்கென்று நூறு கஜத்துக்கு நிலைப்படுத்தியது இங்கே மங்கலாகவே காட்டும்.

சுருள்வில்லுக்குப் பதிலாக இந்த ரைபிளில் அமையும் காற்றுக்கலம் பெரும்பாலும் 200 பார் அழுத்தத்துக்கு மேல் நிரப்பப்படுகிறது. கைப்பம்பைக் காலை வேளையில், இடையிடையே அது ஆறும்படி நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காற்றின் ஈரம் கலத்துக்குள் புகுந்து துருவேற்றாதிருக்க, ஈரம் உறிஞ்சும் வடிகட்டி அவசியம். ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஒருக்காலும் நிரப்பலாகாது. எண்ணெய்ப் பசையோடு அது சேர்ந்தால் வெடிக்கும். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போவதும் அபாயமே: 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் கலத்தின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு உயர்ந்துவிடும்.

இலக்குக்குப் பின்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி இருக்கட்டும். நம் பக்கத்துக் கரும்பாறையில் பட்ட ஈயம் எந்தத் திசையில் தெறிக்குமென்று எவராலும் சொல்ல இயலாது. கண்ணாடி அணிந்து சுடுவதும், சுட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் தவறக் கூடாத பழக்கங்கள்.

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகளுக்கு மயிலாலும் காட்டுப்பன்றியாலும் நேரும் நஷ்டம் நெஞ்சைச் சுடுவது. ஆயினும் மயில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. அதைக் கொன்றவருக்குக் குறைந்தபட்சம் மூன்றாண்டுச் சிறை. சட்டம் ஒருபுறமிருக்க, இருபது ஜூல் குண்டு பட்ட பன்றி சாவதில்லை. புண்பட்டு, சீழ்பிடித்து, நாள்கணக்கில் வதைபடும். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையிடம் மனுக்கொடுங்கள். இந்தக் கருவியை அதற்காக வாங்காதீர்கள்.

பணம் கொடுக்குமுன், உள்விட்டத்தையும் ஜூல் அளவையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி, பெல்லட்டை ஓரிடத்திலும் ரைபிளை வேறிடத்திலும் வைத்து, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டு ஒன்றை வாங்கிப் பெட்டியைப் பூட்டிவிடுங்கள்.