ஊர்ப் பெட்டியில் உறங்கும் சரித்திரம்

சரித்திரம் என்றதும் டில்லியையும் லண்டனையும் நோக்குவது நம்மவர் வழக்கம். நமது கோயில் கணக்குகளிலும், பள்ளிக்கூடப் பதிவேடுகளிலும், வாசகசாலை பீரோக்களிலும் உள்ள சரித்திரத்தையோ கரையான் அன்றோ வாசித்துக் கொண்டிருக்கிறது!

பிரதியில்லாத ஏட்டின் கதி யாதென்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி. 1981-ஆம் ஆண்டு அங்குள்ள பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டிடத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளை எங்ஙனம் மீட்பது? 2005-இல் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தார் ஈழத்து நூல்களைப் படியெடுத்து இணையத்தில் இலவசமாய் அளித்து வருவது இதனாலேயே பெரும் தொண்டாகிறது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற அன்பர் நூல்களையும் பத்திரிகைகளையும் மட்டுமின்றி நாடக நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமான பின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. ஆயினும் அதைக் கடல் கடத்தாமல், 1994-இல் சென்னையிலேயே நூலகமாக நிறுவ உதவியது. மூலம் நாட்டைவிட்டு நீங்கலாகாது. பிரதி எங்கும் உலவ வேண்டும். உதவிக்கு இதுவே இலக்கணம்.

நாமும் இவ்வழியே தொண்டாற்றலாம். நிர்வாகிகளின் அனுமதி பெற்று, முதலில் பட்டியல் எழுத வேண்டும். பின்னர், இருந்த இடத்திலேயே படமெடுக்க வேண்டும். கிழிந்த தாளில் பசை நாடா ஒட்டலாகாது. சுவடியை வெயிலில் காயவைக்கலாகாது. படத்தின் ஒரு பிரதியை அந்த ஸ்தாபனத்துக்கே அளித்தல் அவசியம். அடுத்த கோடை விடுமுறைக்குள் நம் ஊர் வாசகசாலையின் ஒரு பீரோவுக்கேனும் பட்டியல் எழுதி முடிப்போமாக!