32 பாகை அறைக்கு எவ்வளவு பெரிய கூலர்?

புரொசசர் கூலர்களைப் பரிசோதித்து வெளியாகும் அளவீடுகளில் பெரும்பாலானவை 20 முதல் 23 பாகை செல்சியஸில் வைத்திருக்கும் அறைகளில் எடுக்கப்படுபவை. மாளிகாவத்தைத் தொடர்மாடியின் மேல்தட்டில், ஏப்ரல் மாதப் பிற்பகலில், ஏசி இல்லாத அறையொன்றில் அந்தக் குளிர்ச்சிக்கு வழியே இல்லை. கொழும்பில் மார்ச், ஏப்ரல் பகல்கள் 32 பாகையைத் தொடும். இரவிலும் 24, 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீட், இருட்டிய பிறகும் நெடுநேரம் அந்தச் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட அறைகளில்தான் நம் பிள்ளைகள் கணினி வைத்துப் படிக்கிறார்கள், வீடியோ எடிட் செய்கிறார்கள், விளையாடுகிறார்கள். அவர்களில் ஒருவர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய், 65 வோட் என்று போட்டிருக்கும் புரொசசருக்கு ஒரு கிலோ எடையுள்ள கூலர் கேட்டால், "இவ்வளவு பெரிசு எதுக்குத் தம்பி?" என்ற கேள்விதான் வரும். தேவைக்கு மீறிய செலவாகத் தோன்றும் அந்தக் கூலர், நம் ஊரில் பல சமயம் சரியான அளவாகவே இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

கூலர் எதையும் குளிரூட்டுவதில்லை. புரொசசரில் பிறக்கும் வெப்பத்தை எடுத்து, சுற்றியுள்ள காற்றிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே எந்தக் காற்றுக் கூலராலும் புரொசசரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறையைவிட எத்தனை பாகை மேலே நிற்கும் என்பதை மட்டுமே கூலர் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளி, புரொசசர் செலவழிக்கும் வோட்டுக்கு நேர்விகிதமாகக் கூடும். ஒரு வோட்டுக்கு எத்தனை பாகை ஏறுகிறது என்பதே கூலரின் உண்மையான தரம். வெளிநாட்டில் 22 பாகை அறையில் அளந்து 75 என்று சொன்னால், நம் 32 பாகை அறையில் அது 85 என்று வாசிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏஎம்டியின் ரைசன் 5 7600 பெட்டியில் 65 வோட் என்று இருக்கும். முழு வேலையில் அது 88 வோட் வரை எடுக்க அனுமதி உண்டு. பெட்டியோடு வரும் சிறு கூலர் வோட்டுக்கு ஏறத்தாழ அரைப் பாகை ஏறவிடும் என்று வைத்துக்கொண்டால், 88 வோட்டுக்கு 44 பாகை. அறை 32, கேசிங்கின் உள்ளே காற்று இன்னும் 6 பாகை கூடுதலாக இருக்கும் என்றால் 38. இரண்டையும் கூட்ட 82. சில்லில் இருந்து அதன் உலோக மூடிக்கு வெப்பம் வந்து சேர இன்னொரு 10, 15 பாகை வேண்டும். அந்தப் புரொசசருக்கு விதித்த எல்லை 95 பாகை; வெப்பம் அதன் வாசலுக்கே வந்துவிட்டது. எல்லையைத் தொட்டதும் புரொசசர் எரிந்துபோகாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், விசிறியோ உச்சத்தில் அலறும். வோட்டுக்கு 0.2 பாகை மட்டும் ஏறவிடும் பெரிய கூலர் என்றால் 44க்குப் பதில் 18 பாகைதான். அந்தச் சிறு கூலரே 21 பாகை அறையில் ஏறத்தாழ பத்துப் பாகை மிச்சம் வைத்து ஓடும். குளிர்நாட்டில் போதுமானது கொழும்பில் ஏன் திணறுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

பெட்டியில் எழுதிய வோட் எண்ணை அப்படியே நம்பிக் கூலர் வாங்குவது நம்மவர்களின் பொதுவான வழக்கம். இன்டெலின் கோர் ஐ5 12400க்கு அடிப்படை 65 வோட், உச்சம் 117. கோர் ஐ9 13900கேக்கு அடிப்படை 125, உச்சம் 253. ஏஎம்டியின் 105 வோட் புரொசசர்கள் ஏஎம்4 மதர்போட்டில் 142 வோட் வரை போகலாம். இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கூலருக்கு வேலை கொடுப்பது அதுதான்.

புரொசசர்கள் எப்போதும் இப்படிச் சூடானவையாக இருக்கவில்லை. 80களின் கணினிகளில் புரொசசர் மேல் எதுவுமே இருக்காது. 90களின் தொடக்கத்தில் 486 வேகம் கூடியபோது சிறு அலுமினியத் தகடுகள் வந்தன, பென்டியத்தோடு விசிறி வழக்கமாயிற்று. டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக அதன் மின்தேவையும் அதே அளவில் குறையும் என்று 1974இல் ஐபிஎம்மின் ரொபர்ட் டெனார்ட் காட்டிய விதி பல ஆண்டுகள் கைகொடுத்தது. 2000க்குப் பிறகு அது தளர்ந்தது. இதே போக்கில் போனால் சில்லின் வெப்பச்செறிவு அணு உலையையும் ரொக்கெட்டின் வாயையும் தாண்டிச் சூரியனின் மேற்பரப்பை எட்டிவிடும் என்று இன்டெலின் பட் கெல்சிங்கர் 2001இல் எச்சரித்தார். 2004இல் இன்டெல் தன் அடுத்த பென்டியத் திட்டத்தையே கைவிட்டு, பல கோர் வழிக்குத் திரும்பியது. அந்த நெருக்கடியின் பிள்ளைகள்தாம் இன்றைய கோபுரக் கூலர்கள்.

கோபுரத்தின் அடியில் செம்புத் தட்டு, அதிலிருந்து மேலேறும் நாலைந்து செம்புக் குழாய்கள், அவற்றில் கோத்த பல பத்து அலுமினியத் தகடுகள், பக்கத்தில் விசிறி. அந்தக் குழாய்களுக்குள் நடப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. குழாய் உறுதியான செம்புக் கம்பி இல்லை, உள்ளே வெற்று. காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு, மிகக் கொஞ்சம் தண்ணீரை மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். வளியமுக்கத்தில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கே அமுக்கம் இருந்தால் தண்ணீர் 40 பாகையிலேயே கொதிக்கும். புரொசசர் பக்க முனையில் தண்ணீர் ஆவியாகி, அந்த ஆவி தகடுகள் உள்ள முனைக்கு விரைந்து, அங்கே மீண்டும் தண்ணீராகும்போது தன் வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. குழாயின் உட்சுவரில் செம்புத் துகள்களை இறுகப் பொசுக்கி ஆக்கிய நுண்துளைப் படலம், அந்தத் தண்ணீரை உறிஞ்சித் திரும்பக் கீழே கொண்டுவருகிறது. பம்பி இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம் ஏறத்தாழ 2,400 ஜூல். 200 வோட்டைக் கடத்த வினாடிக்கு ஒரு கிராமின் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆவியானால் போதும். இந்த உத்திக்கு ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் கோக்லர் 1940களிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். 1963இல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் அதை மீண்டும் கண்டுபிடித்து, விண்வெளித் தேவைக்காக வளர்த்தார். விண்கலத்துக்கு வகுத்த வித்தை இன்று நம் மேசைக்கடியில் ஓடுகிறது.

ஆனால் கூலரின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வெப்பம் இறங்கிக்கொண்டே போகுமா? போகாது. ரைசன் 7000 வரிசையில் கணக்கிடும் கோர்கள் இருக்கும் சில்லின் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மில்லிமீற்றர், சின்னவிரல் நகத்தளவு. அத்தனை வெப்பமும் அந்தச் சிறு பரப்பைத் தாண்டி, உலோக மூடியையும் அதன் மேல் பூசும் பேஸ்டையும் கடந்த பிறகுதான் கூலர் அதைக் காண்கிறது. மருதானைச் சந்தியில் வாகனங்கள் முட்டி நிற்கும்போது, அப்பால் பேஸ்லைன் வீதி எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. நடுத்தரக் கூலரிலிருந்து பெரியதுக்கு மாறினால் நல்ல இறக்கம் கிடைக்கும். பெரியதிலிருந்து மிகப் பெரியதுக்கு மாறினால் இரண்டு, மூன்று பாகைதான். 65 வோட் புரொசசருக்குச் சந்தையின் உச்சக் கூலரை வாங்குவது வீண் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

பெரிய கூலரின் மிச்சத் திறனை நாம் செலவழிக்க வேண்டியது குளிர்ச்சியில் அல்ல, அமைதியில். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும், விசிறி எடுக்கும் மின்சாரம் எட்டில் ஒன்றாகும். தகடுகளின் பரப்பு பெரிதாக இருந்தால் அந்தப் பாதிக் காற்றே போதுமானது. தொடர்மாடி வீடுகளில் கணினி இருக்கும் அறையில்தான் தம்பியும் படுப்பான், உம்மும்மாவும் தொழுவார். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இரவு முழுக்க விசிறி இரையக் கூடாது. பரிசோதனை அட்டவணைகளில் இதற்கு ஒரு வரி ஒதுக்குவார்கள். ஒரே அறையில் வாழ்பவர்களுக்கு இதுதான் முதல் வரி. வாங்கியதும் பயோஸுக்குள் போய் விசிறியின் வேகத்தை இறக்கி அமையுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் பெரிய கூலருக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

கூலரால் தீராத ஒன்று அறை. எந்தக் கூலரைப் பூட்டினாலும் 250 வோட் எடுக்கும் கணினி 250 வோட்டையும் அறைக்குள்ளேயே கொட்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் இருக்கும் காற்று ஏறத்தாழ 25 கனமீற்றர். கதவு ஜன்னலை மூடிவிட்டால், சுவர்கள் உறிஞ்சாதவரை, 250 வோட் அந்தக் காற்றை நிமிடத்துக்கு அரைப் பாகை வரை சூடாக்கும். சுவர் உறிஞ்சுவதால் ஏற்றம் மெதுவாகும், நிற்காது. ஏசி போடலாம் என்பவர்களுக்கு: மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் ஏறியது. பின்னர் சில தடவைகள் குறைக்கப்பட்டாலும், கணினிக்காக ஏசி ஓட்டுவது மாளிகாவத்தையில் பல குடும்பங்களுக்கு இயலாத காரியம். ஜன்னல் திறந்திருக்கட்டும், மேசை விசிறி அறைக் காற்றை வெளியே தள்ளட்டும். ரைசன் வைத்திருப்பவர்கள், புரொசசரின் வோட் உச்சத்தைக் குறைக்கும் ஈக்கோ மோட்டை இயக்கிப் பாருங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், வெப்பம் நிறையவே குறையும். அறையும் தணியும், பில்லும் தணியும். எனக்கு இது எந்தக் கூலரையும்விட முதலில் செய்ய வேண்டியதாகத் தோன்றுகிறது.

அடுத்தது கேசிங். நிமிடத்துக்கு ஒரு கனமீற்றர் காற்று உள்ளே வந்து போனால், 200 வோட் வெப்பம் அந்தக் காற்றைப் பத்துப் பாகை சூடாக்கும். இரண்டு கனமீற்றர் வந்தால் ஐந்து பாகை. முகப்பில் கண்ணாடி மூடிய அழகுப் பெட்டிக்குள் ஒரு கிலோ கூலரைப் பூட்டினாலும் அது தன் சூட்டையே மறுபடி குடிக்கும். கதவு வைத்த கம்பியூட்டர் மேசையின் அறைக்குள் கேசிங்கைத் தள்ளி மூடிவிடும் வழக்கமும் அப்படித்தான். முன்னால் வலைமுகப்பும், உள்ளிழுக்க இரண்டு விசிறியும், பின்னால் வெளியேற்ற ஒன்றும் இருக்கும் பெட்டியில் நடுத்தரக் கூலரே நன்றாக வேலை செய்யும்.

கொழும்பின் ஈரப்பதனுக்குப் பலர் பயப்படுகிறார்கள். காற்றுக் கூலர் அறையைவிடச் சூடாகவே இருப்பதால் அதில் நீர் துளிர்க்காது. பயப்பட வேண்டியது தூசிக்கு. பஞ்சிகாவத்தைப் பக்கத்து வாகனப் புகையும், சமையல் எண்ணெயின் ஆவியும், சில கிலோமீற்றரிலுள்ள கடலின் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து, இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியுள்ள தகடுகளுக்குள் பசைபோலப் படியும். சில மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

திரவக் கூலர் வாங்கலாமா என்றும் கேட்பார்கள். அதுவும் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. அதன் பம்பி பழுதானால் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். காற்றுக் கூலரில் கெட்டுப்போகக்கூடியது விசிறி மட்டும். 120 மில்லிமீற்றர் விசிறி எந்தக் கடையிலும் கிடைக்கும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360க்கு மேல் போனதைப் பார்த்த நாட்டில், திருத்திப் பாவிக்கக்கூடிய பொருளுக்கே என் வாக்கு.

பெரிய கூலருக்கு இடமும் வேண்டும். நொக்டுவா என்ற ஒஸ்திரிய நிறுவனம் 2014இல் வெளியிட்ட என்எச்-டி15 விசிறிகளோடு 1,320 கிராம், உயரம் 165 மில்லிமீற்றர். இரண்டு விசிறியோடு பூட்டினால் அதன் கீழே ரேமுக்கு 32 மில்லிமீற்றர் இடமே இருக்கும். ஒளிரும் ரேம்கள் பல 40ஐத் தாண்டும். 155 மில்லிமீற்றர் உயரத்தில் ஆறு குழாயோடு வரும் தேர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போன்றவை இன்று பெரும்பாலானோருக்குப் போதும். பாவித்த கூலர் வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள்: இன்டெல் 2021இல் எல்ஜிஏ1700க்கு மாறியபோது திருகுத் துளைகளின் இடைவெளி 75இலிருந்து 78 மில்லிமீற்றராயிற்று. உரிய பூட்டுத் தொகுதி இல்லாமல் பழைய கூலர் சரியாக அமராது. மின் சீராக்கிகளுக்குத் தகடு இல்லாத மலிவு மதர்போட்டில் சக்திவாய்ந்த புரொசசரைப் பூட்டிவிட்டுப் பெரிய கூலரை நம்பாதீர்கள். கோபுரக் கூலரின் காற்று அந்தப் பகுதியில் அவ்வளவாகப் படாது. ஆட்டோவில் கொண்டுபோகும்போது, மதர்போட் கிடையாகக் கீழேயும் கூலர் நிமிர்ந்து மேலேயும் இருக்குமாறு பெட்டியைப் படுக்க வையுங்கள்.

உச்சத்தில் 90 வோட் எடுக்கும் புரொசசருக்கு நான்கு குழாய்க் கோபுரம் ஒன்றும், 150 வோட்டுக்கு ஆறு குழாய் இரட்டைக் கோபுரமும் கொழும்பில் சரியான அளவு. குளிர்நாட்டவர் சொல்வதைவிட ஒரு படி மேலே போங்கள், இரண்டு படி வேண்டாம். கடைக்குப் போகுமுன் கேசிங்கின் பக்க மூடியைக் கழற்றி, புரொசசரின் மேற்பரப்பிலிருந்து மூடி வரும் இடம் வரை எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து, ரேமின் உயரத்தையும் சேர்த்துக் கடதாசியில் எழுதிக் கொண்டுபோங்கள்.