தோற்ற அன்றைக்குச் சாயங்காலம்

   

விளையாடுகிற பிள்ளைகளுக்கு மனத்திடத்தை வளர்ப்பது மைதானமா, வீடா என்பது கேள்வி. எதிரணி நண்பர் வந்தார். "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், திட்டி வளர்த்தால்தான் பிள்ளை தேறும்" என்றார். ஐயா, அம்மி நகரும், சரி. பிள்ளை உடைஞ்சு போயிடுமே! (கைதட்டல்)

மனத்திடம் என்றால் என்ன? அழாமல் இருப்பதா? இல்லை. விழுந்தவன் மறுபடி எழுந்து வருவது. 1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம்ம பி.டி.உஷா ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கிலே வெண்கலத்தைத் தவறவிட்டார். கண்ணை இமைக்கிற நேரம்கூட இல்லை! அந்தப் பெண் முடங்கிப் போகவில்லை. 1986இல் சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி.

நம்ம சென்னைப் பையன் குகேஷைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் சதுரங்கப் போட்டி. ஏழாவது சுற்றில் பிரான்சின் ஃபிரூஜாவிடம் தோற்றார். வயது 17. மறுநாள் ஓய்வு நாள். அந்த ஒரு நாளிலே மனசு தெளிந்துவிட்டது என்று பின்னால் அவரே சொன்னார். அப்புறம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பதின்மூன்றாம் சுற்றில் அதே ஃபிரூஜாவை வென்றார், போட்டியையும் வென்றார். அதே ஆண்டு சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் ஆட்டத்திலே தோல்வி; பன்னிரண்டாவதிலும் தோல்வி. ஆனாலும் கடைசி ஆட்டத்தில் டிங் லிரனை வென்று பட்டம் பெற்றார். மனப்பயிற்சிக்கென்று பேடி அப்டன் துணை இருந்தார், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவத் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு ஊர் ஊராக மகனோடு அலைந்தாரே அப்பா, அவர் எந்த மைதானம்? அவர்தானே வீடு!

இப்போ என் கதை. என் மகன் எட்டாம் வகுப்பில் மாவட்ட ஓட்டப் போட்டியில் நாலாவதாக வந்தான். பஸ்ஸிலே வரும்போது, "மூணு பேரை எப்படிடா முந்தவிட்டே?" என்று கேட்டேன். ஊர் வந்து சேருகிற வரைக்கும் கேட்டேன். அடுத்த வருஷம் தேர்வு அன்றைக்குக் காலையிலே அவனுக்கு வயிற்று வலி. டாக்டர் பார்த்துவிட்டு, "வயிற்றிலே ஒண்ணும் இல்லையே" என்றார். கோளாறு அவன் வயிற்றிலே இல்லை ஐயா, என் வாயிலே! (சிரிப்பு) சிரிக்கிறீங்க. அதற்கப்புறம் அவன் ஓடவே இல்லை.

அதனாலே கேட்டுக்கொள்கிறேன். தோற்ற அன்றைக்குச் சாயங்காலம் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அழுதால் அழட்டும். சூடாய் நாலு இட்லி வையுங்கள். மறுநாள், "உனக்கு என்ன தோணிச்சு?" என்று அவனையே சொல்லவிடுங்கள். அவன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக் காட்டுங்கள். பயிற்சி, தூக்கம், நிதானமாக மூச்சு விடுவது, இதெல்லாம் அவன் கையிலே. எதிராளியின் வேகமும் நடுவர் ஊதுகிற விசிலும் அவன் கையிலே இல்லை. "எத்தனையாவது வந்தே?" என்பதற்கு முன்னால் "நல்லா விளையாடினியா?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. சாப்பாடு பிடிக்காமல், தூக்கம் வராமல், மைதானம் என்றாலே பயந்து வாரக்கணக்கில் ஒரு பிள்ளை இருந்தால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், மனம் ஒத்துழைக்கவில்லை என்று குழுப் போட்டியின் பாதியிலே விலகினார். கோழை என்று ஏசியவர்கள் உண்டு. 2024இல் பாரிசில் மூன்று தங்கம் வாங்கினார். முடியலைன்னு சொல்றதும் ஒரு திடம்தான் ஐயா!

மைதானம் ஓடச் சொல்லித் தரும். தோற்று வருகிற பிள்ளைக்குத் திரும்பி ஓட மனசு கொடுப்பது வீடு. எனக்கு அது தாமதமாகப் புரிந்தது. உங்களுக்கு இன்றைக்கே புரியட்டும். நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.