பி.எட். படித்தால் கட்டுபடியாகுமா?
கல்லூரியில் பணம் கட்டும் முன்பு ஒரு வீட்டுக் கணக்கு

வாத்தியார் வேலைக்கு என்றைக்கும் மதிப்பு உண்டு. அதிலும் பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். பட்டப் படிப்பு முடிந்ததும், "பி.எட்.டும் படித்துவிடட்டும்" என்கிறார்கள். கையில் பணம் இல்லாவிட்டால் நகையை அடகு வைக்கிறார்கள்.

போட்ட பணம் திரும்பி வருமா? எத்தனை நாளில் வரும்? இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஒரு வருடம் இரண்டு வருடம் ஆயிற்று

முன்பு இந்தப் பட்டத்துக்கு பி.டி. என்று பெயர். பிறகு பி.எட். ஆயிற்று. ஆனாலும் பள்ளிக்கூடங்களில் இன்றும் "பி.டி. வாத்தியார்" என்றே சொல்கிறார்கள்.

ஒரு வருடப் படிப்பாக இருந்த பி.எட்., 2015-ம் ஆண்டு முதல் இரண்டு வருடப் படிப்பாயிற்று. அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பயிற்சி பெற வேண்டும். ஆகவே பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டே படிப்பது நடக்காது.

செலவு எவ்வளவு?

கல்லூரிக்குக் கல்லூரி கட்டணம் மாறும். கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம்.

இரண்டு வருடக் கட்டணம் 1 லட்சம் ரூபாய். விடுதியும் சாப்பாடும் 1 லட்சம். புத்தகம், படம், பயிற்சி ஏடு, பஸ் செலவு எல்லாம் சேர்த்து 20 ஆயிரம். ஆக 2 லட்சத்து 20 ஆயிரம்.

இதோடு முடிந்ததா? இல்லை. அந்தப் பெண் படிக்கப் போகாமல் மாதம் 12 ஆயிரம் ரூபாய் சம்பளத்தில் ஒரு வேலைக்குப் போயிருந்தால், இரண்டு வருடத்தில் 2 லட்சத்து 88 ஆயிரம் சம்பாதித்திருப்பாள். அந்தப் பணமும் செலவுதான். பல வீடுகளில் இதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மொத்தம் 5 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய்!

வரவு எவ்வளவு?

படித்து முடித்து, ஒரு தனியார் பள்ளியில் 15 ஆயிரம் ரூபாய் சம்பளம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய 12 ஆயிரத்தைவிட மாதம் 3 ஆயிரம்தான் கூடுதல். அந்த 3 ஆயிரத்தைக் கொண்டு 5 லட்சத்து 8 ஆயிரத்தை அடைக்க 14 வருடம் ஆகும். சில பள்ளிகளில் கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. நகைக் கடன் இருந்தால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் லட்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் போய்விடும்.

அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தால் கதை வேறு. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம், 2017-ம் ஆண்டுச் சம்பளத் திருத்தப்படி, மாதம் 36,400 ரூபாய். அகவிலைப்படி தனி. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்தாலே மாதம் 24,400 ரூபாய் கூடுதல். போட்ட பணம் 21 மாதத்தில் திரும்பி வந்துவிடும்.

பட்டம் ஒன்றுதான். செலவும் ஒன்றுதான். ஒருவருக்கு 14 வருடம். இன்னொருவருக்கு 21 மாதம்!

நடுவில் இரண்டு தேர்வுகள்

இந்த வித்தியாசம் பட்டத்தால் வருவது அல்ல, தேர்வால் வருவது. பட்டதாரி ஆசிரியர் ஆவதற்கு முதலில் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். மொத்தம் 150 மார்க். தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை!

தகுதித் தேர்வில் தேறியவர்கள் வேலைக்காக இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018-ல் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. அந்தத் தேர்வு வருடா வருடம் வருவதில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் செலவுக் கணக்கில்தான் சேரும்.

ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குப் பாடம் நடத்த பி.எட். தகுதி ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க விரும்புகிறவர்கள், பிளஸ் 2 முடித்ததும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படிப்பதே சரி.

செலவைக் குறைக்க வழி

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. சைதாப்பேட்டை, திருவல்லிக்கேணி, புதுக்கோட்டை, ஒரத்தநாடு முதலிய ஊர்களில் அரசு கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு உதவி பெறும் கல்லூரிகளும் உண்டு. அங்கே இடம் கிடைக்கப் பட்டப் படிப்பில் நல்ல மார்க் வேண்டும்.

பிளஸ் 2 முடித்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பில் சேர்ந்தால், ஒரு வருடம் மிச்சம்.

வணிகவியல், பொருளாதாரம் படித்தவர்களைத் தமிழ்நாட்டில் முதுகலை முடித்த பிறகுதான் பி.எட்.டில் சேர்க்கிறார்கள். அவர்கள் இன்னும் இரண்டு வருடச் செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டும் முன்பு

கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா? இரண்டு வருடத்துக்கும் சேர்த்து மொத்தக் கட்டணம் எவ்வளவு? இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய தகுதித் தேர்வு வினாத்தாள் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி மார்க்காவது வந்தால், பயிற்சியில் மீதியைப் பிடித்துவிடலாம். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் ஆசை இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடகுக் கடைக்குப் போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.