வலைக்காவலர் விடைபெற்றார்

விளையாட்டில் வென்றவரைப் பாராட்டுவது உலக வழக்கம். விடைபெற்றவரை எண்ணிப் பார்ப்பதும் இரசிகர்களின் கடமையே. இந்திய ஹாக்கி அணியின் கோல் காப்பாளர் பி.ஆர்.ஸ்ரீஜேஷ் 2024 ஆகஸ்டு 8 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். அப்போது நான் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் ரயிலில் மயிலம் தாண்டும்போது தொடங்கிய விவாதம் முண்டியம்பாக்கம் வரை ஓயவில்லை. “நன்றாக ஆடுகிறவர் ஏன் போகவேண்டும்?” என்றார் ஒரு நண்பர். “நன்றாக ஆடும்போது போவதுதான் அழகு” என்றார் மற்றொருவர். எனக்கு அன்று விடை தெரியவில்லை.

கோல் காப்பாளரின் வேலை எத்தகையது என்பதை முதலில் பார்ப்போம். ஹாக்கியில் கோல் கம்பங்களுக்கு இடையே 3.66 மீட்டர் அகலம், உயரம் 2.14 மீட்டர். பெனால்டி கார்னரில் ஏறத்தாழ 14.6 மீட்டர் தொலைவிலிருந்து பந்து பாய்ந்து வரும். அதன் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் எனக் கொண்டால், வந்து சேர ஆகும் நேரம் 0.44 விநாடி. கண்ணில் பட்டது மூளைக்கு எட்டி, கை அசையத் தொடங்கவே 0.2 விநாடி போய்விடும். எஞ்சுவது கால் விநாடிக்கும் குறைவு! இயற்பியல் வகுப்பில் கற்ற கணக்கை இங்கே போட்டுப் பார்த்தபோதுதான் அந்த வேலையின் அருமை எனக்கு விளங்கியது. முன்வரிசை வீரர் பத்து வாய்ப்பைத் தவறவிட்டு ஒரு கோல் அடித்தால் மாலை விழும். காப்பாளர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் பழி விழும்.

அந்த இடத்தில் 18 ஆண்டுகள் நின்றவர் ஸ்ரீஜேஷ். கேரளத்தில் கிழக்கம்பலம் என்னும் ஊரில் 1988இல் பிறந்தவர். 2006இல் இந்திய அணிக்குள் வந்தார்; ஆடிய சர்வதேசப் போட்டிகள் 336. வி.பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்றபின் ஒலிம்பிக் ஹாக்கியில் 41 ஆண்டுகள் நமக்குப் பதக்கமே இல்லை. 2021இல் டோக்கியோவில் அந்த வறட்சி நீங்கியது. ஜெர்மனிக்கு எதிராக 5–4 என முன்னிலை. ஆட்டம் முடியச் சில விநாடிகளே உள்ளன. எதிரணிக்குப் பெனால்டி கார்னர். அதைத் தடுத்தவர் இவர். பாரிஸ் காலிறுதியில் ஓர் ஆட்டக்காரர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, பத்துப் பேராக நின்று பிரிட்டனைச் சமன் செய்து, ஷூட்-அவுட்டில் 4–2 என வென்றோம். ஸ்பெயினை 2–1 என வீழ்த்தி வெண்கலமும் பெற்றோம்.

ஸ்ரீஜேஷுக்குக் காப்பாளர் உடுப்பு வாங்க அவருடைய தந்தை பசுவை விற்றார் என்ற செய்தியை அன்றிரவு என் அம்மாவிடம் சொன்னேன். பதக்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “மாட்ட வித்துட்டா பால் காசுக்கு என்னப்பா பண்ணியிருப்பாங்க?” என்றார். நான் வாயடைத்துப் போனேன். எங்கள் வீட்டிலும் ஒரு பசு உண்டு. என் ரயில் சீசன் சீட்டு அதன் பாலில்தான் வருகிறது. ஒருவர் உயர்வதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் அன்றாடச் செலவு இருக்கிறது என்பதை அம்மா ஒரே கேள்வியில் காட்டிவிட்டார்.

அவர் அணிந்த 16ஆம் எண்ணை இனி மூத்தோர் அணியில் எவருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. 2025இல் பத்மபூஷண் கிடைத்தது. அவரோ இளையோர் அணியின் பயிற்சியாளராகியிருந்தார்.

இளையோர் உலகக் கோப்பை 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. டிசம்பர் 10 அன்று நண்பர்கள் நாங்கள் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கிற்கு நடந்தே சென்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினா 2–0 என முன்னிலை. கடைசிப் பதினைந்து நிமிடம் வரை நமக்குக் கோல் இல்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு! 4–2 என வென்றோம். கோட்டுக்கு வெளியே நின்ற ஸ்ரீஜேஷை அன்றுதான் முதன்முறையாக நேரில் கண்டேன். பந்தைத் தடுக்க அவரால் இனி உள்ளே போக முடியாது. தடுக்கும் பிள்ளைகளை உருவாக்கலாம்.

ரயில் விவாதத்திற்கு எனக்கு விடை கிடைத்தது அங்கேதான். பசுவை விற்று வாங்கிய உடுப்பைக் கழற்றியபின்னும் அதன் கடனை அவர் அடைத்துக்கொண்டிருக்கிறார். பெற்றதை அடுத்தவருக்குக் கொடுக்கத் தெம்பு இருக்கும்போதே விலகுவது நல்லது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோர்க்கும் இது பொருந்தும். நாளை என் தம்பி தங்கைக்கும், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் நான் கற்ற கணக்கைச் சொல்லிக் கொடுத்தால், அம்மாவின் பால் காசுக்கு அதுவே வட்டி.