மடிக்கணினியின் மீட்புப் பகுதி: நீக்கலாமா?

மீட்டல் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை எனத் தனித் திணையாகவே வகுத்துள்ளது. தொல்காப்பியர் அதனை வெட்சியுள் அடக்கினார். அடகு வைத்த நகையை மீட்பது இன்றைய வழக்கு. இவ்விரண்டிலும் இழந்த பொருளே திரும்பி வருகிறது. மடிக்கணினியோடு வரும் மீட்பு மென்பொருளின் இயல்பு வேறு. அதனை நீக்கலாமா என எண்ணுவோர் முதலில் உணர வேண்டுவது இதுவேயாகும்.

கணினி நிறுவனத்தார் வன்தட்டின் ஒரு பகுதியை மறைத்து வைத்து, அதில் இயங்குதளத்தின் முழுப் படியை இட்டு அனுப்புகின்றனர். அது பெரும்பாலும் 10 முதல் 20 ஜிபி வரை இடங்கொள்ளும். லெனோவோவின் 'ஒன்கீ ரெகவரி' இவ்வகையினது. இத்தகைய மென்பொருளை இயக்கினால், கணினி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலையை அடையும். இயங்குதளம் இருந்த பகுதியில் நாம் சேர்த்து வைத்தவை அழியும். தொழுவம் புதிதாகும், ஆநிரை திரும்பாது.

ஆரணி போன்ற பட்டு நெசவூரில் இவ்வேறுபாடு பிழைப்பைத் தொடுவது. சேலையின் கரையும் முந்தானையும் ஜக்கார்டு அட்டைகளில் இடப்படும் துளைகளால் உருப்பெறுகின்றன. முன்பு கட்டத்தாளில் வரைந்து அட்டையில் துளையிட்டனர். இன்று அவ்வரைவுக்குக் கணினி உதவுகிறது. ஓர் அட்டை கிழிந்தால் அதனை மட்டும் மறுபடி துளையிட்டுக் கோத்துக்கொள்ளலாம். கணினிக் கோப்பு அழிந்தால் மொத்த வரைவும் போயிற்று. மகன் படிக்கும் மடிக்கணினியிலேயே தந்தையாரின் வரைவுகளும் இருக்குமாயின், மீட்புப் பொத்தானை நம்பியிருப்பது பேரிழப்பில் முடியும்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களின் மாணவர் பலர் வீட்டிற்கு முதற் கணினியைக் கொண்டு வந்தது. தொடக்க ஆண்டுகளில் எல்காட் வழியே வந்தவற்றில் விண்டோஸ் 7 உடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இவ்வாறு இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில், எது எந்தப் பகுதி எனப் பாராமல் அழிப்பது ஆபத்து. லினக்ஸ் பகுதியை அழித்தால், தொடக்கத்தில் தெரிவுப் பட்டியலைக் காட்டும் 'கிரப்' நிரல் தன் கோப்புகளை இழந்து, கறுந்திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என நின்றுவிடும். விண்டோஸ் கெடாமல் உள்ளே இருந்தும் அதனுள் நுழைய இயலாது.

அவ்வாறாயின் நீக்கவே கூடாதோ? புதிய கணினியாயின் நீக்க வேண்டா என்பதே நம் கருத்து. கிடைக்கும் இடமோ சிறிது. நான்கைந்து திரைப்படங்களை அழித்தால் அவ்வளவு இடம் வந்துவிடும். ஆயினும் அதனை மட்டும் நம்புவதும் தகாது. மீட்புப் பகுதி அதே வன்தட்டில் இருப்பதால், தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆதலின் 16 ஜிபிக்குக் குறையாத (விண்டோஸ் 11 எனின் 32 ஜிபி) வெற்று பென்டிரைவ் ஒன்றில் மீட்பு வட்டை உருவாக்கி, அதிலிருந்து கணினி தொடங்குகிறதா எனவும் பார்த்துவிட வேண்டும். வரைவுகளை வேறொரு தட்டில் தனியே படியெடுத்தல் வேண்டும். இவ்விரண்டும் முடிந்தபின் நிறுவனத்தின் பகுதியை நீக்கினாலும் கேடில்லை. விண்டோஸ் தனக்கென வைத்திருக்கும், ஏறத்தாழ ஒரு ஜிபிக்கு உட்பட்ட சிறு மீட்புப் பகுதியை மட்டும் தொடலாகாது.

பழைய கணினியின் நிலை வேறு. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் 2020 சனவரி 14 அன்று பொதுவில் நிறுத்திவிட்டது. அப்பகுதி மீட்டுத் தருவது காவலற்ற இயங்குதளத்தையே. கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, தட்டு முழுவதையும் துடைத்து, எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவிக்கொள்வதே அங்கு ஏற்றது. வரைவுக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குமாயின், பழைய விண்டோஸையே வைத்துக்கொண்டு, இணையத்தில் இணைக்காமல் பயன்படுத்தலாம்.