சுத்தியல் சொல்லும் கணக்கு

மழை வலுத்தாலே திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே தண்ணீர் கட்டிக்கொள்கிறது. ஆமையிழஞ்சான் கால்வாயை ஒட்டிய தாழ்நிலம் அது. மேலே தேங்கும் நீரைப் பற்றி நகரம் ஓயாமல் பேசுகிறது. மண்ணுக்குள் நிற்கும் நீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீரில் ஊறிய தளர்ந்த மணல், நிலம் அதிரும்போது தன் பிடியை இழந்து கூழாகிவிடும். அலை வடிந்த சங்குமுகம் மணலில் நின்று காலை அசைத்தால் பாதம் புதைவது இதனால்தான். 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலே சாய்ந்து படுத்தன. 2001 புஜ் நிலநடுக்கத்தில் காண்ட்லா துறைமுகக் கட்டடம் ஒன்று சாய்ந்தது.

இந்த அபாயத்தை மதிப்பிடப் புதுக் கருவி வேண்டியதில்லை. கட்டடத்துக்கு சாயில் டெஸ்ட் செய்யப் போடும் துளையே போதும். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, துளையின் அடியில் ஒரு குழாயை இறக்குவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில்லை, அடுத்த 30 செ.மீ. இறங்க விழுந்த அடிகளே ‘என்-வேல்யூ’. எளிய எண்தான், ஆனால் சுலபமாகக் கெட்டுவிடும். துளைக்குள் நீர்மட்டம் வெளியே உள்ள நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால், அடியிலிருந்து மணல் கொப்பளித்து ஏறி, இறுகிய மண்ணும் இளகியதாகப் பதிவாகும். இதற்கு நேர்மாறானது சுத்தியலைத் தூக்கும் கயிற்றின் தவறு. கயிறு சுற்றும் உருளையில் கூடுதலாக ஒரு சுற்று விழுந்தால் உராய்வு சுத்தியலைப் பிடித்து நிறுத்தும். வேகம் குறையும், அடிகள் கூடும், தளர்ந்த மண் கெட்டி மண்ணாக அறிக்கையில் ஏறிவிடும். ஆபத்து இதில்தான் அதிகம். துளையருகே நின்று நீர்மட்டத்தையும் கயிற்றுச் சுற்றையும் குறித்துவைக்க ஆள் இல்லாத சோதனையை நான் நம்பமாட்டேன்.

கேரளத்தில் அப்படி என்ன நிலநடுக்கம் வந்துவிட்டது என்று கேட்கலாம். 2000 டிசம்பரில் ஈராற்றுப்பேட்டை அருகே வந்தது அளவில் 5ஐ ஒட்டியது; 1900இல் கோவையில் 6ஐ ஒட்டியது. ஆகவே தம்பானூர் நாளையே புதையும் என்று பயமுறுத்த முகாந்திரம் இல்லை. ஆனால் ஐ.எஸ். 1893 விதியின் 2016 பதிப்பு, அதன்படி கேரளம் இடம்பெற்ற மூன்றாம் மண்டலத்துக்கும் புஜ் இடம்பெற்ற ஐந்தாம் மண்டலத்துக்கும் ஒரே குறைந்தபட்ச ‘என்’ மதிப்பைத்தான் கேட்டது: 5 மீட்டர் ஆழம் வரை 15, 10 மீட்டருக்குக் கீழே 25. அடித்தளத்துக்கு ஆழ்தூண்களான பைல் இறக்கிவிட்டால் போதாதா என்றால், நீகாட்டாவில் பிற்பாடு தோண்டிப் பார்த்தபோது பைல்களே ஒடிந்திருந்தன. தவிர, சாலைக்கும் சாக்கடைக் குழாய்க்கும் யாரும் பைல் போடுவதில்லை. மண் கூழானால் புதைத்த தொட்டிகளும் ஆள்நுழைகுழிகளும் மிதந்து மேலே வந்துவிடும்.